பெருமரத்துப் பட்டையில் கிலுகிலுக்கும் கூடு: அந்தப் பூச்சி எந்தக் குடும்பம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துப் பெருமரத்தின் அடிப்பட்டையில் மேடு மேடாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தட்டியதும் உள்ளிருந்து கிலுகிலு என்று சத்தம் வந்தது. ஒன்றைப் பட்டையோடு பெயர்த்து வந்து கண்ணாடிப் புட்டியில் வைத்தீர்கள். சில நாட்களில் வெளியே சாம்பலும் உள்ளே மஞ்சளுமாக ஓர் அந்துப்பூச்சி வந்தது. பழைய வனவியல் நூல் அதை நொக்டுயிடே குடும்பம் என்கிறது, இணையத்தில் நோலிடே என்று இருக்கிறது, நண்பர் ஒருவர் புலி அந்து (பளிச்சென்ற நிறமும் பொட்டுகளும் கொண்ட ஒரு தனி வகை) என்கிறார். "எது சரி? இது புதுப் பூச்சியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பூச்சியின் பெயர் தெரிந்தால் போதும் என்றிருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பேன். ஒரே பூச்சிக்கு எப்படி மூன்று குடும்பம் இருக்க முடியும் என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். மரப்பூச்சிகளோடு முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். இந்தக் கேள்விக்கான விடை உங்கள் புட்டியிலேயே, பூச்சி விட்டுப்போன கூட்டிலேயே இருக்கிறது.

முதலில் உறுதியானதைச் சொல்கிறேன். இது எலிக்மா நார்சிஸஸ். பெருமரத்து (அய்லாந்தஸ் எக்செல்சா) இலையைத் தின்று வளரும் பூச்சி. புது இனம் அல்ல, பெயர் வைத்து இருநூற்றைம்பது ஆண்டுகள் ஆகின்றன. நீங்கள் அனுப்பிய விவரத்தில் நான்கு அடையாளங்கள் சேர்ந்து இருப்பதால் தயங்காமல் சொல்கிறேன்: மரம், பட்டைக் கூடு, அதன் சத்தம், மஞ்சள் பின் இறக்கை. இவற்றில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு துணிந்து சொல்லியிருக்க மாட்டேன்.

பூச்சியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். இறக்கையை விரித்து வைத்தால் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை ஏழு, எட்டு சென்டிமீட்டர் வரும். நம்மூரில் விளக்கடியில் விழும் விட்டில்களோடு பார்த்தால் பெரியதுதான். முன் இறக்கை குறுகலாக, நீளமாக இருக்கும். அதன் நீளவாக்கில் அடியிலிருந்து நுனி வரை லேசாக வளைந்து ஒரு வெள்ளைக் கோடு ஓடும். கோட்டுக்கு முன்பக்கம் இருண்ட ஆலிவ் பழுப்பு, பின்பக்கம் வெளிறிய சாம்பல். வெள்ளை நிறம் பின்பக்கமாகக் கரைந்து போவதால், ஈரக் காகிதத்தில் சுண்ணாம்புத் தண்ணீர் பரவியது போலத் தெரியும். இறக்கையின் அடியிலும் மார்பின் மேலும் கறுப்புப் புள்ளிகள் உண்டு. இப்போது அந்த முன் இறக்கையை ஒரு குச்சியால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். பின் இறக்கை நல்ல மஞ்சள் கிழங்கு நிறம். வெளி ஓரத்தில் அகலமான கருநீலப் பட்டை, அந்தப் பட்டைக்குள் வெளிர் நீலத் தீற்றல்கள். வயிறும் மஞ்சள், அதிலும் கறுப்புப் பொட்டுகள். உட்கார்ந்திருக்கும்போது இத்தனை மஞ்சளும் மறைந்து, சாம்பல் முன் இறக்கைகள் மட்டும் உடம்பை மூடிக்கொள்வதால் பட்டையோடு பட்டையாகிவிடும். ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுதான். பிரித்தறிய வேண்டுமென்றால் பின் இறக்கையின் முன்விளிம்பு அடியில் இருக்கும் கொக்கி முடியை லென்ஸில் பார்க்க வேண்டும். ஒற்றை முடி இருந்தால் ஆண், பல முடிகள் இருந்தால் பெண். இது பெரும்பாலான அந்துப்பூச்சிகளுக்கும் பொருந்தும்.

உங்கள் நண்பரைக் குறை சொல்ல மாட்டேன். மஞ்சள் பின் இறக்கை, கறுப்புப் பொட்டு, மஞ்சள் வயிறு என்ற இந்தச் சேர்க்கை பல குடும்பங்களில் தனித்தனியாக வந்திருக்கிறது. அத்தி, ஆல வகை மரங்களில் வளரும் அசோட்டா பூச்சிகளும் இதே நிறம்தான்: பழுப்பு முன் இறக்கை, மஞ்சள் பின் இறக்கை, கறுப்புப் பொட்டு. ஆனால் அசோட்டா இருப்பது எரிபிடே குடும்பத்தில், புலி அந்துகளையும் இப்போது அதில்தான் வைக்கிறார்கள். பழத்தில் துளையிட்டுச் சாறு உறிஞ்சும் யூடோசிமாவின் பின் இறக்கையும் ஆரஞ்சு மஞ்சள்தான். அதுவும் எரிபிடே. எலிக்மாவின் ஆப்பிரிக்க உறவினம் ஒன்றின் பெயரே எலிக்மா ஹிப்சாய்டஸ், அதாவது ஹிப்சா மாதிரி இருப்பது. அசோட்டாவைப் போன்ற பூச்சிகளுக்கு அந்தக் காலத்தில் இருந்த பெயர் ஹிப்சா. பெயர் வைத்தவரின் கண்ணுக்கே இரண்டும் ஒன்று போலத் தெரிந்திருக்கின்றன. நிறத்தை மட்டும் நம்பினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

இந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், குத்தி உலர்த்திய பூச்சிகளை இழுப்பறைகளில் அடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. சீட்டு உதிர்ந்துபோன நான்கு எலிக்மாக்களை, மஞ்சள் இறக்கையைப் பார்த்து, அசோட்டா வரிசையில் குத்தி வைத்துவிட்டேன். இரண்டு வருடம் அவை அங்கேயே இருந்தன. அப்புறம் ஒரு தோட்டத்தில் பெருமரங்கள் மொட்டையாகிவிட்டன என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் மரத்தில் ஓர் இலை இல்லை. மார்பளவு உயரத்துக்கு அடிமரம் முழுக்கப் பட்டை மேடுகள். தோட்டக்காரர் கையால் மரத்தை ஓங்கித் தட்டினார். மரமே கிலுகிலுத்தது. காய்ந்த கிலுகிலுப்பைச் செடிக்குள் ஆடு புகுந்தால் ஒரு சத்தம் வருமே, அதே சத்தம். அன்று பொறுக்கி வந்த கூடுகளிலிருந்து பூச்சிகள் வெளிவந்த பிறகுதான், இழுப்பறையில் நான் செய்து வைத்திருந்த தவறு தெரிந்தது.

அந்தக் கூட்டைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புழு மஞ்சள் நிறம், குறுக்கே கறுப்பு வளையங்கள், உடம்பெங்கும் நீண்ட மெல்லிய வெள்ளை மயிர். சின்ன வயதில் கூட்டமாக ஒரே இலையில் இருக்கும், வளர்ந்த பிறகு பிரிந்து போகும். தின்று முடித்ததும் அடிமரத்துக்கு இறங்கி வந்து, பட்டையைச் சிறு சிறு சில்லுகளாகக் கடித்தெடுத்து, பட்டு நூலால் ஒட்டித் தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பும். முடிந்ததும் கூடு இரு நுனியும் ஒடுங்கிய தட்டையான கதிர்க்கோல் போல மரத்தோடு படிந்திருக்கும். நிறமும் சொரசொரப்பும் மரத்தினுடையதே என்பதால் பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தப்பிவிடும். சுவர் மெல்லியது, ஆனால் காய்ந்த தோல் போல விறைப்பானது. உள்ளே கூட்டுப்புழு சும்மா படுத்திருப்பதில்லை. ஏதாவது தொட்டால் வயிற்றின் கடைசிக் கண்டங்களை வேகமாக ஆட்டி, கூட்டின் உட்சுவரில் உரசும். விறைத்த சுவர் அந்த உரசலைப் பெரிதாக்கித் தருகிறது. நீங்கள் கேட்ட சத்தம் அதுதான். பறவையையோ எறும்பையோ விரட்டத்தான் இந்தச் சத்தம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நியாயமான ஊகம், ஆனால் ஊகம்தான். சத்தம் எப்படி வருகிறது என்பதை உறுதியாகச் சொல்லலாம், எதற்காக என்பதை அதே உறுதியோடு சொல்ல மாட்டேன்.

சத்தத்தை விட முக்கியமானது கூட்டின் வாசல். உங்கள் புட்டியில் இருக்கும் காலிக் கூட்டை எடுத்து, பூச்சி வெளியேறிய பக்கத்தைப் பாருங்கள். பட்டுப்பூச்சியின் கூட்டில் இருப்பது போல வட்டமான, நனைந்து கிழிந்த ஓட்டை இருக்காது. மேலிருந்து கீழாக, செங்குத்தாக ஒரு பிளவு இருக்கும். வெடித்த நெற்றின் வாய் போல இரண்டு உதடும் சேர்ந்திருக்கும். பூச்சி அதைக் கிழிக்கவில்லை. புழுவாக இருந்தபோதே அந்த இடத்தில் வாசல் வைத்துத்தான் கட்டியிருக்கிறது. வெளியே வரும்போது தலையால் தள்ளினால் போதும். வெளியே வந்ததும் உதடுகள் மறுபடி மூடிக்கொள்வதால், காலிக் கூடும் நிறைந்த கூடு போலவே தெரியும். செங்குத்துப் பிளவு வைத்த இந்தக் கூடுதான் நோலிடே குடும்பத்தின் அடையாளம். நோலிடே பூச்சிகள் உலகில் சுமார் 1,700 இனங்கள். பச்சை, வெள்ளை, சாம்பல் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத முகம் அவற்றுக்கு. கூடு மட்டும் ஒரே கைவேலை.

இதே கூட்டை நீங்கள் வேறு இடத்தில் பார்த்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. வெண்டையிலும் பருத்தியிலும் காயைக் குடைகிற புள்ளிக் காய்ப்புழு தெரியுமல்லவா, இயேரியாஸ்? அதுவும் நோலிடே குடும்பம்தான். அதன் கூடு அழுக்கு வெள்ளை அல்லது பழுப்பு நிறத்தில், கவிழ்த்த படகு போல இருக்கும். அதிலும் அதே பிளவு வாசல். அந்தப் பூச்சியோ விரல் நகத்தளவு, வெளிறிய முன் இறக்கையில் ஒரு பச்சை ஆப்பு. எலிக்மாவின் பக்கத்தில் வைத்தால் உறவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வகுப்பில் இரண்டு கூடுகளையும் மேசையில் வைத்து, பூச்சிகளைக் காட்டாமல், "இவை உறவா?" என்று கேட்பேன். பூச்சியைப் பார்க்காத மாணவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள்.

சரி, அப்படியென்றால் பழைய நூல் ஏன் நொக்டுயிடே என்கிறது? இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1758இல் லின்னேயஸ் அந்துப்பூச்சிகள் அனைத்தையும் அனேகமாக ஃபலீனா என்ற ஒரே பேரினத்துக்குள் போட்டு, அதற்குள் சில பிரிவுகள் வைத்தார். 1775இல் ஆம்ஸ்டர்டாம் வணிகர் பீட்டர் கிராமர், வெளிநாட்டு வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிய தன் படநூலில் நம் பூச்சிக்கு நார்சிஸஸ் என்று பெயரிட்டார். கிரேக்கக் கதைப் பெயர்களை வைப்பது அவருக்கும் அந்தக் காலத்துக்கும் வழக்கம். ஜேக்கப் ஹூப்னர் 1819 வாக்கில் எலிக்மா என்ற பேரினத்தை உண்டாக்கினார். அன்றிலிருந்து இனத்தின் பெயர் மாறவில்லை. மாறிக்கொண்டே இருந்தது அதற்கு மேலே உள்ள குடும்பம்தான். உங்கள் மூன்று விடைகளையும் பிரித்துப் பார்க்க இந்த ஒரு விஷயம் உதவும்: "இந்தப் பூச்சி எது" என்பதில் சண்டையே இல்லை, "யாரோடு சேர்ப்பது" என்பதில்தான் கருத்து மாறி வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்திய அந்துப்பூச்சிகளை ஒழுங்குபடுத்தியவர் ஜார்ஜ் ஹாம்சன். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைக்க வந்து, அங்கேயே அந்துப்பூச்சி சேகரிக்கத் தொடங்கியவர். நீலகிரி அந்துப்பூச்சிகளைப் பற்றிய அவருடைய நூல் 1891இல் வந்தது, அடுத்த ஆண்டிலிருந்து பிரிட்டிஷ் இந்திய அந்துப்பூச்சித் தொகுதிகள் வெளிவரத் தொடங்கின. அவர் பெரிதும் நம்பியது இறக்கை நரம்புகளை. செதில்களைத் துடைத்துவிட்டு, எந்த நரம்பு எங்கே கிளைக்கிறது, எது எதற்குப் பக்கத்தில் புறப்படுகிறது என்று பார்த்துக் குடும்பம் பிரிப்பது. அவர் 1894இல், நோலிடே என்ற பெயருக்கு மூலமான நோலா வகைப் பூச்சிகளைப் புலி அந்துகளின் குடும்பத்துக்குள் ஓர் உட்குடும்பமாக வைத்திருந்தார். ஆகவே உங்கள் நண்பர் சொன்னதற்குக்கூட ஒரு பழைய வேர் இருக்கிறது. பின்னாளில் நொக்டுயிடே என்பது பெரிய கோணிப்பையாக ஆகிவிட்டது. வேறெங்கும் அடங்காத பருத்த உடல் இரவுப்பூச்சி என்றால் அதில் போடு என்ற நிலை. எலிக்மாவும் இயேரியாஸும் அதில்தான் கிடந்தன. நம் வேளாண், வனவியல் பாடநூல்கள் எழுதப்பட்டது அந்தக் காலத்தில். பல பதிப்புகள் கண்டும் குடும்பப் பெயர் மட்டும் திருத்தப்படாமல் போன நூல்கள் இன்றும் கையில் இருக்கின்றன.

மாற்றம் இரண்டு படியாக வந்தது. 1998இல் கிட்சிங், ராலின்ஸ் என்ற பூச்சியியலாளர்கள் இருவரும் இந்தப் பெருங்கூட்டத்தின் உடலமைப்பை முழுவதும் அலசியபோது, செங்குத்துப் பிளவுக் கூடு கட்டும் பூச்சிகளை ஒன்றாகச் சேர்த்து நோலிடேவை விரிவாக்கினார்கள். கூட்டோடு சேர்த்து இன்னோர் அடையாளமும் உண்டு. பின் இறக்கையின் கொக்கி முடியைப் பிடித்துக்கொள்ள முன் இறக்கையின் அடியில் ஒரு பற்று இருக்கும். இவற்றின் ஆண்களில் அது நீண்ட பட்டை வடிவில் இருக்கும். பிறகு 2011இல் ரேசா சாகிரி குழுவினர் ஒரு மைட்டோகாண்ட்ரியா மரபணுவையும் ஏழு உட்கரு மரபணுக்களையும் ஒப்பிட்டு, நொக்டுயாய்டியா என்ற அந்தப் பெருங்குடும்பத்தை ஆறு குடும்பங்களாக நிறுத்தினார்கள். புலி அந்துகள் தனிக் குடும்பமாக இல்லாமல் எரிபிடேவுக்குள் போய்ச் சேர்ந்தன. நோலிடே தனிக் குடும்பமாகவே நின்றது. கூட்டைப் பார்த்துச் சொன்னதை மரபணுவும் ஆமோதித்தது. என் தொழில் வாழ்க்கையில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த முடிவுகளில் அது ஒன்று. புழு பட்டையைக் கடித்துக் கட்டிய சுவரில், அதன் கோடி ஆண்டு வம்சாவளி எழுதியிருக்கிறது என்றால் சும்மாவா!

ஆகவே இன்று எழுதுவதாக இருந்தால்: பெருங்குடும்பம் நொக்டுயாய்டியா, குடும்பம் நோலிடே, உட்குடும்பம் எலிக்மினே, இனம் எலிக்மா நார்சிஸஸ். இதில் இனம், பேரினம், குடும்பம் மூன்றும் உறுதி. உட்குடும்பத்தைப் பென்சிலால் எழுதுங்கள் என்பேன். நோலிடேவுக்குள் எந்தக் கிளை எதற்கு நெருக்கம் என்பது இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அதே போல இந்திய வடிவத்தை இண்டிகா என்ற துணையினமாகப் பிரித்து எழுதும் வழக்கமும் உண்டு. கோட்டின் அகலம், நீலப் பட்டையின் அளவு போன்றவற்றை வைத்துப் பிரித்தது அது. ஒரு புகைப்படத்தை வைத்துக்கொண்டு அதை நான் உறுதிசெய்ய மாட்டேன். பல ஊர் மாதிரிகளை அருகருகே வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டியது. உங்கள் குறிப்பேட்டில் இனப் பெயரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இந்தப் பூச்சி நமக்கு மட்டும் சொந்தமல்ல. சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் உண்டு. சீனாவில் அது தின்பது நம் பெருமரத்தின் தம்பி முறையான அய்லாந்தஸ் ஆல்டிசிமா. ஜப்பானில் சில வருடம் திடீரென்று நிறைய வரும், பிறகு காணாமல் போகும். சீனப் பெருநிலத்திலிருந்து கடல் தாண்டி வருபவை என்றே அங்குள்ள ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம்மூரில் பெருமரம் தவிர, மட்டிப்பால் தரும் மட்டி மரத்தையும் தின்னும். இந்த மரங்களின் இலையும் பட்டையும் கடும் கசப்பு. குவாசினாய்டு என்ற வேதிப்பொருள்கள் அதற்குக் காரணம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் தழை ஒடித்துப் போடுபவர்களுக்கு அதன் நாற்றம் தெரியும். பீநாறி என்று ஊரில் சும்மா பெயர் வைக்கவில்லை. இப்படிப்பட்ட இலையைத் தின்னும் புழு மஞ்சளும் கறுப்புமாக எச்சரிக்கை நிறத்தில் இருப்பதைப் பார்த்தால், கசப்பை உடம்பில் சேர்த்துவைத்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது என்றுதான் தோன்றும். தோன்றுகிறது என்பதோடு நிறுத்துகிறேன். கசப்பு இலையைத் தின்னும் எல்லாப் புழுவும் அந்தக் கசப்பைச் சேர்த்துவைப்பதில்லை, கழித்துவிடுகிறவையும் உண்டு.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று: தீக்குச்சிக்காகப் பெருமரம் வளர்ப்பவராக இருந்தால் மரத்தை நினைத்துக் கவலை வந்திருக்கும். வளர்ந்த மரம் ஒரு தடவை மொட்டையானால் மறுபடி துளிர்த்துக்கொள்ளும். அடுத்தடுத்துத் தாக்கினால் வளர்ச்சி குன்றும், இளங்கன்றுகள் பட்டுப்போகக்கூடும். அடிமரத்தில் கூடு திரளும் நேரம்தான் உங்களுக்கு வசதி. மரத்தைத் தட்டிப் பார்த்து, சத்தம் வரும் இடத்தில் சுரண்டி எடுத்துவிடலாம். சுரண்டியதை உடனே கொளுத்திவிடாமல், கொசுவலை போர்த்திய வாளியில் சில வாரம் வையுங்கள். கூட்டுப்புழுவைத் தின்று வளரும் சின்னக் குளவிகள் இருந்தால் அவை வலைக்கண் வழியே தோட்டத்துக்குத் திரும்பிவிடும், பெரிய பூச்சி உள்ளேயே நிற்கும். ஒன்றிரண்டு மரத்தில் மட்டும் பார்த்தீர்கள் என்றால் எதுவும் செய்ய வேண்டாம்.

இன்று சாயங்காலம் அந்தக் காலிக் கூட்டை எடுத்து, ஒடுங்கிய முனையை இரு விரலுக்கு நடுவில் மேலும் கீழுமாக வைத்து மிக மெல்ல அழுத்துங்கள். உதடு பிரியும், விட்டால் மூடிக்கொள்ளும். பிரிந்திருக்கும்போது முனையை நேராகப் பார்த்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். இறக்கைப் படத்தை விட எனக்கு அதுதான் வேண்டும்.